இஞ்சுரி என்றால் காயம்தானா? மூன்று தாளில் மூன்று பொருளாக வருகிறதே

தாள்புரட்டி கேட்டது:

வணக்கம். இஞ்சுரி, ஹர்ட், வூண்ட், ஹார்ம் என்று ஆங்கிலத்தில் நாலு சொல். தமிழுக்கு வரும்போது நாலும் ‘காயம்’ ஆகிவிடுகிறது. ஒரே தகராறில் பிறந்த மூன்று தாள்களைத் தமிழாக்க உட்கார்ந்தால் இந்தப் பழக்கம் காலை வாரிவிடுகிறது.

முதல் தாள், அரசு மருத்துவமனையின் வூண்ட் சர்டிபிகேட். தலைப்பில்தான் வூண்ட், உள்ளே ‘இஞ்சுரி 1, இஞ்சுரி 2’ என்று வரிசை, முடிவில் ‘சிம்பிள் இன் நேச்சர்’. இரண்டாவது, குற்றப்பத்திரிகை. அடிதடி முழுக்க ஹர்ட். இஞ்சுரி எட்டிப்பார்ப்பது மிரட்டல் பிரிவில் மட்டும். மூன்றாவது, உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கும் மனு. வண்டிப்பாதையை அடைத்துவிட்டதால் ‘இர்ரெப்பரபிள் இஞ்சுரி’ என்கிறது. பாதையை அடைத்தால் யாருக்குக் காயம் படும்?

இந்தச் சொல்லின் அடிப்படைப் பொருள் என்ன, எங்கிருந்து வந்தது, மூன்று தாளிலும் எந்தத் தமிழ்ச்சொல் நிற்கும்? அகராதி பார்த்தாயிற்று. ‘காயம், தீங்கு, ஊறு, சேதம், கேடு’ என்று ஐந்தையும் அடுக்கிவைத்துவிட்டு அது ஒதுங்கிக்கொள்கிறது.

வேர்க்கால்:

குழப்பம் உங்களுடையது இல்லை, சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. லத்தீனில் ‘யூஸ்’ என்றால் உரிமை, சட்டம், நியாயம். முன்னால் ‘இன்’ ஒட்டினால் எதிர்மறை. இரண்டும் சேர்ந்து ‘இன்யூரியா’: நியாயமில்லாதது, முறைகேடு. நம் ‘அநீதி’யின் கட்டுமானமும் இதேதான். உடம்பும் ரத்தமும் அந்தச் சொல்லுக்குள் கிடையாது. ஜஸ்டிஸ், ஜூரி, பெர்ஜுரி, ஜூரிஸ்டிக்‌ஷன் எல்லாம் இதன் பங்காளிகள். வூண்ட் இந்த வீட்டுப் பிள்ளையே இல்லை.

கி.மு. 450 வாக்கில் ரோமில் எழுதப்பட்ட பன்னிரு பலகைச் சட்டத்தைப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். சுதந்திர மனிதனின் எலும்பை முறித்தால் 300 அஸ் அபராதம், அடிமையின் எலும்பென்றால் 150 அஸ். இன்யூரியாவுக்கு வெறும் 25 அஸ். அஸ் என்பது செப்புக் காசு. அதாவது எலும்பு முறிவு தனிக் கணக்கு. அறைவது, அவமதிப்பது போன்றவைதான் இன்யூரியா. காசின் மதிப்பு தேய்ந்த காலத்தில் லூசியஸ் வெராட்டியஸ் என்ற செல்வந்தன் தெருவில் எதிர்ப்படுகிறவர்களைக் கன்னத்தில் அறைவானாம். பணப்பையோடு பின்னால் வரும் அடிமை அங்கேயே 25 அஸ் எண்ணிக் கொடுப்பானாம். அதற்குப் பிறகுதான் முன்கூட்டி நிர்ணயித்த தொகையைக் கைவிட்டு, வழக்குக்கு வழக்கு மதிப்பிடும் முறையை நீதி அதிகாரிகள் கொண்டுவந்தார்கள் என்று சொல்லப்படுகிறது.

ஆங்கிலத்துக்கு இது 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இங்கிலாந்து நீதிமன்றங்களில் புழங்கிய பிரெஞ்சு வழியாக வந்தது. முதலில் அநியாயம், பிறகு அநியாயத்தால் விளையும் சேதம், அதற்குப் பிறகு உடற்சேதம் என்று பொருள் நகர்ந்தது. ‘இஞ்சூர்’ என்ற வினைச்சொல் பெயருக்குப் பின்னால் பிறந்தது; அப்பனுக்கு முன்னால் பிள்ளை கதைதான். பிரெஞ்சு இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறது: அங்கே இந்தச் சொல்லுக்கு வசவு என்று பொருள், உடற்காயத்துக்கு ‘பிளெசூர்’ என்று வேறு சொல். ஸ்பானிய மொழியிலும் ‘இன்ஹூரியா’ என்றால் இழிவுபடுத்துதல்தான். உடம்பை நோக்கி நெடுந்தூரம் நடந்தது ஆங்கிலச் சொல்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹர்ட், பழைய பிரெஞ்சில் மோதுதல், முட்டுதல். வூண்டும் ஹார்மும் பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு. ஜெர்மனில் இன்றும் ‘வுண்டே’ உண்டு. பிரூஸ் என்பதன் அடி, நசுக்குதல். ட்ரௌமா கிரேக்கத்தில் வெறும் காயம். மனத்துக்கு அதை ஏற்றிச் சொன்னது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஸ்கார். கிரேக்கத்தில் ‘எஸ்காரா’ என்றால் அடுப்பு. சுட்ட புண்ணின் பொருக்குக்குப் பெயராகி, அப்படியே வடுவாகிவிட்டது.

ஆக, வூண்ட் உடம்பிலிருந்து புறப்பட்ட சொல், இஞ்சுரி உரிமையிலிருந்து புறப்பட்ட சொல். உங்கள் வண்டிப்பாதை மனுவில் வருவது பழைய, அசல் இஞ்சுரி.

கட்டுக்காகிதம்:

வேர்க்கால் ஐயா சொன்னதைச் சட்டத்தில் பொருத்திக் காட்டுகிறேன்.

1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 44-ஆவது பிரிவில் இஞ்சுரிக்கு விளக்கம் கொடுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 2(14). வாசகம் மாறவில்லை: ஒருவருடைய உடல், மனம், நற்பெயர், சொத்து ஆகியவற்றுக்குச் சட்டவிரோதமாக விளைவிக்கப்படும் எந்தத் தீங்கும். ‘சட்டவிரோதமாக’ என்பதை விட்டுவிட்டு மொழிபெயர்த்தால் விளக்கம் செத்துவிடும். அதுதான் லத்தீன் ‘யூஸ்’ விட்டுப்போன எச்சம்.

ஹர்ட் வேறு. புதிய சட்டத்தில் பிரிவு 114, பழையதில் 319. உடல் வலி, நோய், உடற்குறைபாடு, இந்த மூன்றில் ஒன்றை விளைவித்தால் ஹர்ட். உடம்பில் தடயம் இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. ஓங்கி ஒரு அறை, தழும்பு இல்லை, வீக்கம் இல்லை, வலி மட்டும்: ஹர்ட் முடிந்தது. 115(2)-இன் கீழ் ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கிரீவஸ் ஹர்ட் பிரிவு 116, பழையதில் 320. எட்டு வகை. ஆண்மை இழப்பு, ஒரு கண்ணின் பார்வை நிரந்தரமாகப் போவது, ஒரு காதின் கேட்கும் திறன் நிரந்தரமாகப் போவது, உறுப்போ மூட்டோ போவது, அவற்றின் ஆற்றல் நிரந்தரமாகக் கெடுவது, தலை அல்லது முகம் நிரந்தரமாக விகாரமாவது, எலும்போ பல்லோ முறிவது அல்லது பிசகுவது, கடைசியாக உயிருக்கு ஆபத்தானது அல்லது குறிப்பிட்ட நாள்கள் கடும் வலியில் வைப்பது அல்லது வழக்கமான வேலை செய்யவிடாமல் கிடத்துவது. அந்த நாள் கணக்கு பழைய சட்டத்தில் 20, புதியதில் 15. பழைய மொழிபெயர்ப்பைப் பார்த்து எழுதுகிறவர்கள் இந்த எண்ணில்தான் சறுக்குகிறார்கள். சம்பவ நாள் 2024 ஜூலைக்கு முன்னா பின்னா என்று பார்த்துவிட்டு எண்ணைப் போடுங்கள்.

தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் ஹர்ட் ‘காயம்’, கிரீவஸ் ஹர்ட் ‘கொடுங்காயம்’ என்று ஊறிப்போய்விட்டது. ஆகவே இஞ்சுரிக்கு அதே ‘காயம்’ போட்டால் இரண்டு வரையறையும் ஒன்றோடொன்று மோதும். மிரட்டல் பிரிவு 351-இல், அதாவது பழைய 503-இல், உடலுக்கோ நற்பெயருக்கோ சொத்துக்கோ இஞ்சுரி செய்வதாக அச்சுறுத்துவது என்று வருகிறது. ‘நற்பெயருக்குக் காயம்’ என்று எழுதிப் பாருங்கள், நாக்கே ஒத்துக்கொள்ளாது. ‘ஊறு’ அல்லது ‘கேடு’ போடுங்கள்.

தடையாணைக்கு வருவோம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 39-இல் நீதிமன்றம் மூன்றைப் பார்க்கும்: முகாந்திரம் இருக்கிறதா, யாருக்கு இடைஞ்சல் அதிகம், ஆணை தராவிட்டால் பின்னால் பணத்தால் சரிக்கட்ட முடியாத ஊறு வருமா. மூன்றாவதுதான் உங்கள் ‘இர்ரெப்பரபிள் இஞ்சுரி’. பலரும் ‘ஈடுசெய்ய இயலாத இழப்பு’ என்று எழுதுகிறார்கள். படிக்க நன்றாயிருக்கிறது, ஆனால் இழப்பு வேறு, இஞ்சுரி வேறு என்பது சட்டத்தில் அரிச்சுவடி.

1410-இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ஒரு பள்ளிக்குப் போட்டியாக இன்னொரு ஆசிரியர் பள்ளி தொடங்க, பழைய பள்ளியில் 40 பென்ஸாக இருந்த கட்டணம் 12 பென்ஸுக்கு இறங்கியது. இழப்பு உண்மை. ஆனால் போட்டியாகப் பள்ளி நடத்துவது யாருடைய உரிமையையும் மீறவில்லை, வழக்கு நிற்கவில்லை. இழப்பு உண்டு, இஞ்சுரி இல்லை. நேர்மாறு, 1703-இன் ஆஷ்பி எதிர் வொய்ட் வழக்கு. எய்ல்ஸ்பரியில் வாக்குரிமை உள்ள ஒருவரை வாக்களிக்க விடவில்லை. அவர் விரும்பிய வேட்பாளர்கள் எப்படியும் வென்றுவிட்டார்கள், காலணா நட்டம் இல்லை. ஆனாலும் உரிமை மீறப்பட்டதே வழக்குக்குப் போதும் என்று தலைமை நீதிபதி ஹோல்ட் குவீன்ஸ் பெஞ்ச் நீதிமன்றத்தில் தனித்து நின்றார். பிரபுக்கள் சபை அவர் பக்கம் தீர்த்தது. இழப்பு இல்லை, இஞ்சுரி உண்டு. இரண்டுக்கும் ‘இழப்பு’ என்று எழுதினால் இந்த வாதத்தைத் தமிழில் சொல்லவே வழி இருக்காது.

தையல்நூல்:

காயச் சான்றிதழ் பற்றி. மருத்துவர் அங்கே எழுதும் இஞ்சுரி, சட்டத்தின் 2(14) இல்லை. உடம்பில் கண்ட சேதம், அவ்வளவுதான். நியாயமா அநியாயமா என்று தீர்ப்பது அவர் வேலையில்லை. எனவே இந்தத் தாளில் ‘காயம் 1, காயம் 2’ என்று போடுவதில் தப்பே இல்லை. உண்மையில் கத்தி தொங்குவது வகைப்பெயர்களில்தான்.

அப்ரேஷன்: சிராய்ப்பு. மேல்தோல் மட்டும் உரிந்தது.

கன்டியூஷன்: கன்றிய காயம். தோல் கிழியாமல் உள்ளே ரத்தம் கசிந்தது. காவல் நிலையத் தமிழில் ‘ஊமைக்காயம்’ என்பார்கள். அழகான சொல், ஆனால் அதையே வயிற்றுக்குள் கல்லீரல் கிழிந்ததற்கும் சொல்லிவிடுகிறார்கள். சான்றிதழில் ‘கன்றிய காயம்’ பத்திரம்.

லாசரேஷன்: கிழிந்த காயம். தடி, கல், சாலை போன்ற மழுங்கிய பொருளால் வருவது.

இன்சைஸ்டு வூண்ட்: வெட்டுக்காயம். கூர்மையான பொருளால் வருவது. ஆழத்தைவிட நீளம் அதிகம். குத்துக்காயத்தில் இது தலைகீழ், ஆழம்தான் அதிகம்.

கடைசி இரண்டும் இடம் மாறினால் வழக்கே மாறும். லாசரேஷனின் ஓரம் ஒழுங்கற்று, கன்றிப்போய் இருக்கும், பிளவுக்குள் மெல்லிய திசு இழைகள் பாலம் போலக் குறுக்கே ஓடும், மயிர்க்கால் நசுங்கியிருக்கும். வெட்டுக்காயத்தில் ஓரம் சீராக, மயிர் நறுக்கென்று அறுபட்டிருக்கும், பாலமிழை இருக்காது. தலை, புருவம், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஆகிய இடங்களில் தோலுக்கு அடியிலேயே எலும்பு இருப்பதால் தடியடி பட்டாலும் கத்தியால் கீறியது போலப் பிளக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதை மருத்துவர் சரியாக லாசரேஷன் என்று எழுதியிருக்க, நீங்கள் ‘வெட்டுக்காயம்’ என்று தமிழாக்கினால், குறுக்கு விசாரணையில் முதல் கேள்வி ‘கத்தி எங்கே?’ என்பதாகத்தான் இருக்கும். வெட்டும், குத்தும் கருவியால் காயம் என்றால் பிரிவு 115 போய் 118 வந்துவிடும்.

சி.எல்.டபிள்யூ. என்ற சுருக்கெழுத்தைக் கவனியுங்கள். கன்டியூஸ்டு லாசரேட்டட் வூண்ட். கன்றிக் கிழிந்த காயம். முதல் எழுத்தை ‘கட்’ என்று நினைத்து ‘வெட்டிக் கிழிந்த காயம்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு.

அளவு எப்போதும் நீளம், அகலம், ஆழம் என்ற வரிசை: 4 × 1 × 0.5 செ.மீ. அப்படியே விடுங்கள், அங்குலமாக்கவோ முழு எண்ணாக்கவோ வேண்டாம். ‘போன் டீப்’ என்றால் எலும்பு வரை ஆழம். எலும்பில் காயம் என்று அர்த்தமில்லை. ‘ஓவர் தி லெஃப்ட் ஃபோர்ஆர்ம்’ என்பதில் ‘ஓவர்’ மேலே அல்ல: ‘இடது முன்கையில்’. ‘டெண்டர்னெஸ்’, தொட்டால் வலி. ‘நோ எக்ஸ்டர்னல் இஞ்சுரி’ என்றால் வெளிக்காயம் இல்லை. ‘காயம் இல்லை’ என்று சுருக்கினால் உள்காயத்தையும் சேர்த்து மறுத்ததாகிவிடும். ‘அலெஜ்டு’ என்ற சொல்லை விழுங்கவே கூடாது: ‘தெரிந்த மூன்று பேர் தடியால் தாக்கியதாகக் கூறப்படுகிறது’. மருத்துவர் பார்த்தது காயத்தை, அடித்ததை இல்லை.

நிறத்திலும் ஒரு பொறி இருக்கிறது. கன்றிய காயம் முதலில் சிவப்பு, பிறகு நீலம், நான்காம் நாள் வாக்கில் கருநீலம் அல்லது பழுப்பு, ஐந்தாறு நாளில் பச்சை, ஒரு வாரத்தில் மஞ்சள், இரண்டு வாரத்தில் மறையும். வயது, இடம், தோலின் நிறம் பொறுத்து முன்பின்னாகும். ‘கிரீனிஷ் கன்டியூஷன்’ என்பதை ‘பச்சைக்காயம்’ என்று எழுதிவிடாதீர்கள். நம் வழக்கில் பச்சைக்காயம், பச்சைப்புண் என்றால் புத்தம் புதியது. அங்கே சொல்வதோ ஐந்தாறு நாள் பழையது. ‘பச்சை நிறம் படர்ந்த கன்றிய காயம்’ என்று நீட்டியே எழுதுங்கள்.

கடைசியாக ‘சிம்பிள் இன் நேச்சர்’. மருத்துவர் பயன்படுத்துவது பிரிவு 116-இன் பட்டியல். 10 செ.மீ. நீள வெட்டு, எட்டுத் தையல், ஆனாலும் சாதாரணக் காயமாக இருக்கலாம். மூக்கெலும்பில் மயிரிழை முறிவு, ஆள் நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார், ஆனாலும் கொடுங்காயம். எலும்பு முறிந்தால் ஏழாவது வகை, வேறு பேச்சில்லை. அதனால்தான் எக்ஸ்ரே வரும்வரை ‘ஒப்பீனியன் ரிசர்வ்டு’ என்று எழுதுவார்கள்: கருத்து நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. ‘சிம்பிள்’ என்பதை ‘லேசான’ என்று எழுதினால் எட்டுத் தையல் போட்டவர் சண்டைக்கு வருவார், நியாயமாகவே. ‘சாதாரணக் காயம்’ என்பது வழக்கத்தில் உள்ள சொல், அதையே போடுங்கள்.

தாள்புரட்டி:

மிக்க நன்றி, மூவருக்கும். இரண்டு துணைக் கேள்வி. இங்கிலாந்துத் தீர்ப்புகளில் ஹர்ட்டைவிட வூண்டுதான் அதிகம் வருகிறது. அதற்கும் வரையறை உண்டா? அடுத்து, செய்தித் தமிழில் இஞ்சூர்டு, வூண்டட் இரண்டையும் பிரிக்க வேண்டுமா?

கட்டுக்காகிதம்:

உண்டு, கறாரான வரையறை. அங்கே 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18, 20 பிரிவுகள் வூண்டையும் ‘கிரீவஸ் பாடிலி ஹார்ம்’ என்பதையும் தனித்தனியாகச் சொல்கின்றன. வூண்ட் என்றால் தோலின் இரண்டு அடுக்கும் அறுபட வேண்டும். 1830-இல் ஒரு வழக்கில் காறை எலும்பு முறிந்தும் தோல் கிழியாததால் வூண்ட் இல்லை என்றார்கள். 1980-களில் ஐசன்ஹோவர் வழக்கு என்று ஒன்று: காற்றுத் துப்பாக்கி ரவை கண்ணருகே பட்டு, விழிக்குள் ரத்தக்குழாய் உடைந்தது. உள்ளே ரத்தம் கசிந்ததே தவிரத் தோல் பிளக்கவில்லை. வூண்ட் இல்லை என்று தீர்ப்பு. குண்டூசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வந்தால் வூண்ட், தோல் கிழியாமல் எலும்பு முறிந்தால் வூண்ட் இல்லை. அங்கே எலும்பு முறிவை ‘ஹார்ம்’ பார்த்துக்கொள்ளும். எனவே இங்கிலாந்துத் தீர்ப்பை மொழிபெயர்க்கும்போது வூண்டுக்கு ‘தோல் பிளந்த காயம்’ என்று முதல் முறை விரித்து எழுதிவிட்டுப் பிறகு ‘காயம்’ என்று தொடரலாம்.

பக்கம்மூன்று:

செய்தி பற்றி நான் சொல்கிறேன். ஆங்கில நாளிதழ் மரபில், ஆயுதத்தால் வேண்டுமென்றே தாக்கப்பட்டவர் வூண்டட். விபத்தில் அடிபட்டவர் இஞ்சூர்டு. பேருந்து கவிழ்ந்தால் இஞ்சூர்டு, துப்பாக்கிச் சூடு என்றால் வூண்டட். தமிழில் இரண்டுக்கும் ‘காயமடைந்தார்’ போதும், காரணத்தை வாக்கியமே சொல்லிவிடும். ஆனால் போர்க் காயத்துக்கு நம்மிடம் அதைவிட நுட்பமான சொல் இருக்கிறது. மார்பிலோ முகத்திலோ ஏற்றது விழுப்புண், முதுகில் பட்டது புறப்புண். முன்னது பெருமை, பின்னது நாணம். வெண்ணிப் போரில் புறப்புண் பட்டதற்காக ஒரு சேர மன்னன் வடக்கிருந்தான், அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விட்டான். ஈழப் போர்க்காலச் செய்திகளிலும் ‘விழுப்புண்’ புழங்கியது. அதில் ஏற்றிப் போற்றும் தொனி இருப்பதால், நடுநிலைச் செய்தியில் வூண்டட் என்பதற்கெல்லாம் இதைத் தூக்கிப் போடக்கூடாது.

அடிக்கடி கண்ணில் படும் பிழைகள் சில. ‘சக்கம்ப்டு டு இஞ்சுரீஸ்’ என்பதைக் ‘காயங்களுக்கு அடிபணிந்தார்’ என்று எழுதுவது. ‘சிகிச்சை பலனின்றி இறந்தார்’ என்று நாம் காலங்காலமாகச் சொல்லிவருகிறோமே. ‘சஸ்டெயின்டு இஞ்சுரீஸ்’ என்றால் காயங்களைத் தாங்கினார் அல்ல, காயமடைந்தார். ‘தி இஞ்சூர்டு’ பன்மை, காயமடைந்தவர்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது அதற்கு வாலில் எஸ் சேர்க்கக் கூடாது. ‘இஞ்சூர்டு பார்ட்டி’ என்பவர் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருக்க வேண்டியதில்லை; பாதிக்கப்பட்ட தரப்பு என்று பொருள். வணிகப் பக்கத்தில் வரும் ‘மெட்டீரியல் இஞ்சுரி’ இன்னும் மோசம். வெளிநாட்டுச் சரக்கை அடிமாட்டு விலைக்குக் கொட்டுவதால் உள்நாட்டுத் தொழிலுக்கு வரும் கணிசமான பாதிப்பு அது. ‘பொருள் காயம்’ என்று ஒரு கருவி மொழிபெயர்த்துக் கொடுக்கிறது, அதை அப்படியே அச்சேற்றுகிறார்கள்.

விளையாட்டுப் பக்கம் தனி உலகம். பின்தொடைத் தசை இழுத்துக்கொண்ட பந்துவீச்சாளர் ‘காயம் காரணமாக விலகினார்’ என்று எழுதுகிறோம். தோலில் ஒரு கீறல் இல்லை. இது நிலைத்துவிட்டது, எதிர்த்துப் பயனில்லை. ஆனால் அடுத்த வரியிலாவது தசைநார் கிழிவா, சுளுக்கா, எலும்பில் விரிசலா என்று சொல்லுங்கள். ஆங்கிலத்தில் ஸ்ட்ரெயின் தசைக்கு, ஸ்ப்ரெயின் மூட்டை இணைக்கும் தசைநாருக்கு. தமிழ்ச் ‘சுளுக்கு’ இரண்டையும் வாரிக்கொள்ளும்.

ஹர்ட் பற்றி ஒரு வரி: மூன்று காலத்துக்கும் அதே உருவம். ‘மை நீ ஹர்ட்ஸ்’ என்றால் முட்டி வலிக்கிறது, ‘ஐ ஹர்ட் மை நீ’ என்றால் முட்டியில் அடிபட்டது. அந்த இடத்தில் இஞ்சூர் போட்டால் மருத்துவமனைக்குப் போகும் அளவுக்குக் கனம் கூடிவிடும். மனம் நொந்ததற்கும் ஹர்ட்தான். ஆனால் ‘இஞ்சூர்டு பிரைட்’ என்ற தொடர் தனியாக உண்டு, அடிபட்ட தன்மானம்.

வேர்க்கால்:

கட்டுக்காகிதத்தோடு ஒரு வழக்கு. ஹர்ட் என்பதற்குள் வலியும் நோயும் அடங்கும் என்று நீங்களே சொன்னீர்கள். அப்படியானால் ‘காயம்’ எப்படிப் பொருந்தும்? தொற்றுநோயை வேண்டுமென்றே ஒட்டவைத்தவன் என்ன காயம் விளைவித்தான்? ‘நோவு’ என்ற சொல்லில் வலியும் நோயும் சேர்ந்தே இருக்கின்றன. அதுதான் சரியான தமிழ்.

கட்டுக்காகிதம்:

பொருளளவில் நீங்கள் சொல்வதே சரி, ஐயா. ஆனால் ‘தன்னிச்சையாக நோவு விளைவித்தல்’ என்று குற்றப்பத்திரிகை வந்தால் எந்தப் பிரிவு என்று எழுத்தரே கேட்டுத் திருப்பி அனுப்புவார். பழைய தீர்ப்புகள், படிவங்கள் எல்லாம் ‘காயம்’ என்று கிடக்கும்போது ஒருவர் மட்டும் மாற்றினால் தெளிவு வராது, தேடல்தான் கெடும். புதிதாக எழுதும் சட்டப் பாடநூலில் நோவைக் கொண்டுவாருங்கள், நானே வாங்கிப் படிக்கிறேன்.

இஞ்சுரிக்கு ‘ஊறு’ என்பதில் நமக்குள் சண்டை இல்லை என்று நினைக்கிறேன். ஊறு என்பதற்குத் தொடுஉணர்வு என்றும் பொருள் உண்டு, ஐம்புலன்களில் ஒன்று. ஆனால் ‘ஊறு விளைவித்தல்’ என்று வினையோடு வந்தால் யாரும் குழம்ப மாட்டார்கள்.

தொழிலாளர் சட்டத்திலும் இது உதவும். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948-இன் ஈ.எஸ்.ஐ. சட்டம், அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், ‘எம்ப்ளாய்மென்ட் இஞ்சுரி’ என்பதில் விபத்தோடு தொழில்வழி நோயையும் சேர்த்தது. அதே போல 2025 நவம்பர் வரை இருந்த 1923-இன் இழப்பீட்டுச் சட்டம் ஒரு படி மேலே போய், அட்டவணையில் உள்ள தொழில்நோய் வந்தாலே அதை விபத்தால் வந்த இஞ்சுரியாகக் கருது என்றது. கல்லுடைப்பவருக்கு வரும் சிலிக்கோசிஸ், பஞ்சாலையில் வரும் பிசினோசிஸ் ஆகிய நுரையீரல் நோய்கள் இரண்டும் அந்த அட்டவணையில் இருந்தன. நுரையீரலில் பஞ்சுத்தூசு படிந்தவரின் மனுவில் ‘பணியின்போது ஏற்பட்ட காயம்’ என்று எழுதினால், காயம் எங்கே என்று எதிர்த்தரப்பு கேட்க நாமே வழி திறந்துவிட்ட மாதிரி. ‘பணிவழி ஊறு’ என்று எழுதுங்கள்.

தாள்புரட்டி:

இப்படி வைத்திருக்கிறேன், சரியா பாருங்கள்.

சான்றிதழ்: ‘காயம் 1: இடது முன்கையில் 4 × 1 × 0.5 செ.மீ. கன்றிக் கிழிந்த காயம். சாதாரணக் காயம் எனக் கருதுகிறேன்.’

குற்றப்பத்திரிகை: ‘தடியால் அடித்துக் காயம் விளைவித்ததோடு, உடலுக்கும் சொத்துக்கும் ஊறு விளைவிப்பதாக மிரட்டியும்…’

மனு: ‘பாதையை அடைத்திருப்பதால் மனுதாரருக்கு ஈடுசெய்ய இயலாத ஊறு ஏற்படும்.’

தலைப்பை ‘ஊறுச் சான்றிதழ்’ என்று மாற்றலாமா? உள்ளே இஞ்சுரி என்றுதானே இருக்கிறது.

தையல்நூல்:

தலைப்பைத் தொடாதீர்கள். அரசுத் தரப்புச் சான்றாவணப் பட்டியலில் அது ‘காயச் சான்றிதழ்’ என்றே ஏறியிருக்கும். பெயர் மாறினால் வேறு ஆவணமோ என்று தேடுவார்கள். ‘ஊறுச் சான்றிதழ்’ என்றால் ஊறுகாய்க் கடைக்குக் கொடுத்த உரிமம் மாதிரியும் இருக்கிறது. மற்றபடி முதல் தாள் சரி. விபத்துப் பதிவேட்டு நகலில் வேறு அளவு இருந்தால் சான்றிதழோடு ஒப்பிட்டு நீங்களாகத் திருத்த வேண்டாம், இரண்டையும் இருந்தபடியே தமிழாக்குங்கள்.

கட்டுக்காகிதம்:

இரண்டாவதில் மூலத்தில் ‘நற்பெயர்’ இருக்கிறதா பாருங்கள், இருந்தால் விடக்கூடாது. மூன்றாவதில் ‘ஏற்படும்’ போதாது. ‘தடையாணை வழங்கப்படாவிட்டால்’ என்ற நிபந்தனை மூலத்தில் கட்டாயம் இருக்கும். அதைச் சேர்த்தால்தான் ஆணை 39-இன் வாதம் முழுதாகும்.